வ்ராட்டா பள்ளத்தாக்கிலிருந்து ட்ரிக்லாவ்: ஏற எந்தப் பாதை, இறங்க எந்தப் பாதை?

வரைகோடு:
வணக்கம். ஸ்லோவேனியாவின் ஜூலியன் ஆல்ப்ஸில், வ்ராட்டா பள்ளத்தாக்கு வழியாக ட்ரிக்லாவ் (2864 மீ) ஏறத் திட்டம் போடுகிறோம். மூன்று பேர், ஜூலை முதல் வாரம், இரண்டு நாள். ஹார்னஸும் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) காராபினரும் (கம்பியில் மாட்டும் கொக்கி) மூவருக்கும் பழக்கம்தான். ஆனால் ஏறியதெல்லாம் கிரானைட், சுண்ணாம்புப் பாறை புதிது.

முதல் நாள் அல்யாஜெவ் தோம் குடிலிலிருந்து (1015 மீ) தோமின்ஷெக் பாதையில் க்ரெடாரிட்சா குடில் (2515 மீ). மறுநாள் விடியலில் உச்சி, அங்கிருந்து மேற்கே பாம்பெர்க் பாதையில் லுக்ன்யா கணவாய்க்கு இறங்கி மறுபடி வ்ராட்டா. வரைபடத்தில் வட்டம் சரியாகப் பொருந்தி வருகிறது. நேரக் கணக்கை எப்படிப் போடுவது? தண்ணீர் எவ்வளவு சுமப்பது? ஜூலையில் பனி பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கல்முகடு:
வட்டத்தை இப்படிச் சுற்ற வேண்டாம். பாம்பெர்க் பாதை ஏறுவதற்கானது. லுக்ன்யாவிலிருந்து (1758 மீ) எடுத்த எடுப்பிலேயே செங்குத்து; பாறையில் அடித்த இரும்பு முளையும் கம்பிவடமும் பிடித்துத்தான் மேலே போக வேண்டும். அதில் இறங்கினால், இரண்டாம் நாள் கால் களைத்த நேரத்தில், மிகக் கடினமான பகுதி கடைசியில் வந்து நிற்கும். கால் வைக்கும் இடமும் கண்ணுக்குத் தெரியாது. கீழிருந்து ஏறுபவர்கள் மேல் கல் தள்ளிவிடும் ஆபத்து வேறு.

இந்த மாதிரி மலையில் இறக்கத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் ஏற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு இறக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, ப்ராக் பாதையில் திரும்ப வ்ராட்டாவுக்கே. வழியில் ஒரு பாறைப்படி உண்டு, முளைகளும் கம்பியும் அடித்திருக்கிறார்கள். ஈரமாக இருந்தால் அந்த ஓர் இடம்தான் நேரத்தைத் தின்னும். மற்றது கெர்மா பள்ளத்தாக்கு. நீளம் அதிகம், ஆனால் ட்ரிக்லாவின் எளிய பக்கம் அதுதான். வானிலை கெட்டாலும், யாருக்காவது முழங்கால் வலித்தாலும், நான் கெர்மாவைத்தான் சொல்வேன். வண்டியை வ்ராட்டாவுக்குள் கொண்டுபோகாமல் மோய்ஸ்த்ரானா ஊரிலேயே விடுங்கள். அப்போது எந்தப் பக்கம் இறங்கினாலும் வண்டிக்குத் திரும்பிவிடலாம்.

நேரத்துக்கு ஆல்ப்ஸில் புழங்கும் கணக்கு இது: ஏற்றம் மணிக்கு 300 மீட்டர், இறக்கம் மணிக்கு 500 மீட்டர், கிடைத்தூரம் மணிக்கு 4 கிலோமீட்டர். உயரத்துக்கான நேரம், தூரத்துக்கான நேரம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, பெரியதை முழுசாகவும் சின்னதைப் பாதியாகவும் கூட்டுங்கள். உங்கள் முதல் நாள் 1500 மீட்டர் ஏற்றம், அதற்கு 5 மணி. தூரம் 5 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒன்றேகால் மணி, அதில் பாதி சுமார் 40 நிமிடம். ஆக 5 மணி 40 நிமிடம். ஓய்வு இதில் சேராது. கம்பியுள்ள இடத்தில் முன்னால் ஆட்கள் நின்றால் அதுவும் சேராது. மூன்று பேருக்கு 7 மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கோடையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கட்டும். கம்பியும் முளையும் இரும்பு, முகட்டில் வேறு நிற்பீர்கள். பகல் 12 மணிக்குக் குடிலில் இருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால், காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும்.

ஊற்றுக்கண்:
நான் தண்ணீரையும் பனியையும் சொல்கிறேன்.

கிரானைட் மலையில் மேலே போகப் போக ஓடை கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கே வராதீங்க. சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்து விரிசல் விரிசலாக ஓட்டை போட்டிருக்கும். பெய்வதெல்லாம் உள்ளே இறங்கி, பள்ளத்தாக்கின் அடியில்தான் ஊற்றாக வெளியே வரும். வரைபடத்தில் நீலக்கோடு இருந்தாலும் ஜூலையில் வெறும் கூழாங்கல்லாகக் கிடக்கலாம். மேலே உள்ள குடில்கள் கூரை மழைநீரையும் பனியையும் நம்பித்தான் ஓடுகின்றன, அதனால் குடிநீரைக் காசு கொடுத்து வாங்கணும். ஆளுக்கு 3 லிட்டர் கீழேயே நிரப்பிக்குங்க. ஊற்று கிடைத்தால்கூட கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் குடிக்கணும். மண் அடுக்கில் ஊறி வடியாமல் விரிசல் வழியா நேரே வருகிற தண்ணீர் அது. மேலே ஆடு மாடு மேய்ந்தால் அந்த அழுக்கும் கூடவே வரும்.

பனி பற்றிக் கட்டாயம் கவலைப்படணும். ஜூலை முதல் வாரம் என்றால் வெயில் படாத வடக்குப் பக்க ஓடைப்பிளவுகளில் பழைய பனி கெட்டியாக இருக்கலாம். அதில் இரண்டு தொல்லை. கம்பி பனிக்கு அடியில் புதைந்திருக்கும். பாதை பிளவைக் கடக்கும் அந்த 20 மீட்டருக்குப் பிடிக்க எதுவுமே இருக்காது. அடுத்தது ஓரம். பாறை சூடாகிப் பக்கத்துப் பனியை உருக்கி, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும். மேலே இருந்து பார்த்தால் பனி பாறையோடு ஒட்டியிருக்கிற மாதிரிதான் தெரியும். ஓரத்தில் கையளவு தடிமன்தான் மிச்சம், கீழே ஆள் உயரத்துக்கு வெற்றிடம். பாறையில் இருந்து பனிக்கு மாறும்போது குச்சியால் குத்திப் பார்த்து, ஓரத்தில் மிதிக்காமல் எட்டிக் கால் வைங்க. காலை 6 மணிக்கு அது உறைந்து வழுக்கும். ஆளுக்கு ஒரு ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) க்ராம்பானும் (காலணியில் மாட்டும் இரும்புப் பற்கள்) இல்லாமல் அந்த நேரத்தில் கடக்காதீங்க. கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்லோவேனிய மலையேற்றச் சங்கம் போடும் பாதை நிலவரத்தைப் பார்த்துடுங்க. கல் சரிந்து பாதை மூடியிருந்தாலும் அங்கேதான் தெரியும்.

கூடாரம் போடும் யோசனை இருந்தால் விட்டுடுங்க. ட்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் கூடாரம் போடக்கூடாது. குடிலில் படுக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்க.

வரைகோடு:
இருவருக்கும் நன்றி. பாம்பெர்க் இறக்கத்தை எடுத்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். 1:25,000 வரைபடத்தில் செங்குத்து எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாறைநிறத்தைப் பார்த்து எது உறுதி என்று சொல்ல முடியுமா?

கல்முகடு:
அந்த அளவில் 1 மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். சமவுயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயரம் என்றால், கோடுகள் 1.4 மி.மீ. தள்ளி இருக்கும் இடம் 30 டிகிரி சரிவு, 0.8 மி.மீ. என்றால் 45 டிகிரி. அதற்கும் நெருங்கினால் அளவுகோலால் பயனில்லை, பாறைக் குறியீடு கோட்டையே மறைத்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று: 15 மீட்டர் உயரச் சுவர் இரண்டு கோட்டுக்கு நடுவில் அப்படியே ஒளிந்துகொள்ளும். சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காகப் படிந்தது, அதனால் அப்படிப்பட்ட படிச்சுவர்கள் நிறைய. பாதையை விட்டு "நேரே கீழே புல் தெரிகிறதே" என்று குறுக்கே இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நிறத்தில் உண்மை இருக்கிறது. சாம்பல் நிறப் பாறை தண்ணீர் ஓடிக் கழுவிய பாறை, பெரும்பாலும் உறுதியானது. மஞ்சள் பகுதி மழைபடாமல் துருத்தி நிற்பது. உடைந்து விழுந்து புதிதாகத் தெரியும் முகமாகவும் இருக்கும், பிடித்தால் கையோடு வரலாம். கறுப்புக் கோடுகள் தண்ணீர் வடியும் தடம், மழைக்குப் பிறகு நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். அடுக்குகள் சுவருக்குள் சாய்ந்திருந்தால் பிடி நன்றாக அமையும். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் படிமேல் சரளை உருண்டு கிடக்கும். கிரானைட்டில் காலணி உராய்வை நம்பி நிற்பீர்களே, பல்லாயிரம் கால் பட்டு மெருகேறிய சுண்ணாம்புக் கல்லில் அது நடக்காது. நனைந்தால் சோப்பு மாதிரி.

ஹெல்மெட்டைப் பாறைப் பகுதி தொடங்கும் முன்பே போடுங்கள். கம்பியில் இரண்டு முளைக்கு நடுவே ஒருவர் மட்டும். இரண்டு காராபினரையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஃபெர்ராட்டா செட் (ஹார்னஸைக் கம்பியோடு இணைக்கும் பட்டை) 40 முதல் 120 கிலோ எடை உள்ளவருக்கானது; ஒரு தடவை விழுந்து அதிர்ச்சியை உறிஞ்சும் பட்டை பிரிந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊற்றுக்கண்:
இன்னொன்று. ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீங்க. வடக்குச் சுவர் ஏறத்தாழ 1000 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. பாதி வானம் மறைந்துபோகும், சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வந்து இடத்தைத் தள்ளிக் காட்டும். காற்றழுத்த உயரமானி இருந்தால் கிளம்பும்போது 1015-க்கு வைங்க. ராத்திரி க்ரெடாரிட்சாவில் வைத்த அளவு காலையில் 40 மீட்டர் கூடியிருந்தால் நீங்க ஏறவில்லை, அழுத்தம் சுமார் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கு, வானிலை கெடலாம். அன்றைக்கு உச்சியை விட்டுட்டு நேரே கெர்மாவில் இறங்குங்க.

வரைகோடு:
திருத்திய திட்டம்: அதிகாலை 5 மணிக்கு வ்ராட்டாவிலிருந்து தோமின்ஷெக், மூடியிருந்தால் ப்ராக். 12 மணிக்கு க்ரெடாரிட்சா. மறுநாள் 6 மணிக்கு உச்சிக்கு, 9 மணிக்குத் திரும்பக் குடில், பிறகு கெர்மா வழியாகக் கீழே. சரிதானா?

கல்முகடு:
முதல் நாள் சரி. இரண்டாம் நாள் 5 மணிக்கே கிளம்புங்கள். குடிலிலிருந்து உச்சிக்கு 350 மீட்டர்தான், ஆனால் சின்ன ட்ரிக்லாவ் முகட்டில் கம்பி ஒன்றுதான். 7 மணிக்கு மேல் ஏறுபவரும் இறங்குபவரும் அதே கம்பியில் எதிரெதிரே நிற்பார்கள். கெர்மாவில் 1600 மீட்டருக்கு மேல் இறக்கம், நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரத்துக்கு 112. செல்பேசி எடுக்காத இடமென்றால் நிமிடத்துக்கு 6 முறை விளக்கோ விசிலோ, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி. நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.