எக்ஸ்கே 120: மாற்றிய எஞ்சினை மறைக்கலாமா?

கீழ்ப்பாக்கத்துக்காரர்:
சென்ற ஞாயிறன்று பழைய கார்களின் கண்காட்சியில் நின்ற, புதிதாகச் சீரமைக்கப்பட்ட ஜாகுவார் எக்ஸ்கே 120 காரின் அட்டையில், அது அலுமினிய பாடியுடன் வந்த 242 கார்களில் ஒன்று என்றும், எல்லாப் பாகங்களும் அசல் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டையுமே நான் ஏற்கவில்லை. 1948-இல் லண்டனில் அறிமுகமான இந்தக் காருக்கு இவ்வளவு வரவேற்பு இருக்கும் என்று நிறுவனமே எதிர்பார்க்காததால், முதலில் மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு பொருத்திக் கொஞ்சம் கார்களை மட்டும் செய்தார்கள். 1950-இல் இரும்புத் தகட்டுக்கு மாறினார்கள். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள அலுமினிய கார்களின் சேஸி (அடிச்சட்டம்) எண்கள் 660001 முதல் 660058 வரைதான். இந்தக் காரின் எண் 6603 என்று தொடங்குகிறது.

அண்ணாநகர்வாசி:
பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் கழித்துப்போட்ட நிலையில் கிடந்த அந்தக் காரை மீட்ட ஷெட்டில் தொடக்கம் முதல் உடனிருந்தவன் நான். முதலில் வாங்கிய தோட்ட அதிகாரி, அவரிடமிருந்து வாங்கிய மருத்துவர், பின்னர் அவருடைய பிள்ளைகள் என எல்லோருமே அதை அலுமினிய கார் என்றுதான் சொல்லிவந்தார்கள். கதவிலும் பானட்டிலும் காந்தம் ஒட்டவில்லை என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கீழ்ப்பாக்கத்துக்காரர்:
ஐயா, இரும்பு பாடி கார்களிலும் கதவு, பானட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியமே. முன் மட்கார்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

அண்ணாநகர்வாசி:
வைத்துப் பார்த்தேன், ஒட்டுகிறது. அந்த வரியை நீக்குமாறு உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எஞ்சின் விஷயத்தில் நான் இறங்கிவரத் தயாராக இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் உதிரிபாகம் கிடைக்காத 1970களில், மருத்துவர் 3442 சிசி ஜாகுவார் எஞ்சினைக் கழற்றிவிட்டு அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினைப் பொருத்தினார். நாங்கள் அதே வகை ஜாகுவார் எஞ்சினை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து மீண்டும் வைத்தோம். பிறந்த வடிவத்துக்கே திரும்பிய காரை அசல் என்று சொல்வதில் என்ன தவறு?

தாம்பரம் வாசகர்:
2021-இல் வந்த மத்திய விதி, 50 ஆண்டுக்கு மேற்பட்டதும், அசல் வடிவில் பராமரிக்கப்பட்டு, சேஸியிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாததுமான வண்டியையே விண்டேஜ் என்கிறது. அதே வகை எஞ்சினை வைத்ததைப் பெரிய மாற்றம் என்று நான் கருதவில்லை. என்றாலும், காரின் அடையாளத் தகட்டில் அடித்த எஞ்சின் எண்ணும் இப்போதைய எஞ்சினின் எண்ணும் வேறு வேறு என்பதை, நாளை வாங்குபவர் அட்டையிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழ்ப்பாக்கத்துக்காரர்:
என் வாதமும் அதுதான். அதோடு ஒன்று சேர்ப்பேன். அம்பாசிடர் எஞ்சினைப் பொருத்திய மெக்கானிக் இல்லையென்றால், இந்தக் கார் புதுப்பேட்டைக்குப் பல ஆண்டு முன்பே போய்த் துண்டு துண்டாகியிருக்கும். அட்டையில் மூன்று உரிமையாளர்களின் பெயரை எழுதிவிட்டு அவருடைய வேலையை மட்டும் விட்டுவிடுவது அநியாயம்.

அண்ணாநகர்வாசி:
எண்கள் வேறு என்று அட்டையில் எழுதிவிடுகிறோம், அது நியாயமே. அந்த அம்பாசிடர் எஞ்சின் இன்னும் எங்கள் ஷெட்டில் மரப்பெட்டியில் இருக்கிறது. அடுத்த கண்காட்சியில் அதைக் காரின் அருகே வைப்பதற்கு உரிமையாளர் சம்மதித்துவிட்டார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அவ்வளவு உழைத்து மீட்ட காரை, அதன் நலிந்த காலத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.