பாகற்காய்ச் சாறும் கீமோவும்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மேலூர்க்காரன்
அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்து வீட்டில் இருந்த வாரம், சித்தப்பா தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு கொடுக்க ஆரம்பித்தார். வாட்ஸ்அப் கதை என்று தள்ளவும் முடியவில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ரத்னா ரே குழு 2010-இல் பாகற்காய்ச் சாற்றில் மார்பகப் புற்றுநோய் செல்கள் சாவதைக் காட்டியது உண்மைதான், நானே தேடிப் படித்தேன். அது ஆய்வகத்தில் வளர்த்த செல் என்ற வரியை மட்டும் தாண்டிப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் காலை, தினத்தந்தி அப்பா கையிலிருந்து நழுவியது, பனியன் தொப்பலாக நனைந்திருந்தது, என்னைப் பார்த்து "தம்பி, நீங்க யாரு?" என்றார். சுகர் 48. சுகர் மாத்திரை வழக்கம்போலப் போட்டிருக்கிறார், சாப்பாடு பாதிகூட இறங்கவில்லை, அதற்கு மேல் பாகற்காய். சர்க்கரைத் தண்ணீர் ஊட்டும்போது கரண்டி பல்லில் தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கீரைக்கட்டு
பாகற்காய் என்ன பாவம் செய்தது? சுகர் மாத்திரையைக் குறைக்காதது யார் தப்பு? எங்கள் பெரியம்மா பாகற்காய்க் கூட்டு சாப்பிட்டுக்கொண்டேதான் ஆறு கீமோவும் முடித்தார்.

வார்டு நம்பர் 4
கூட்டும் சாறும் ஒன்றா கீரைக்கட்டு? கூட்டில் ஒருவர் பங்குக்கு நாலு துண்டு வரும், சாற்றுக்கு அரைக் கிலோ பிழிவார்கள்.

செடியில் ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அக்கா பையனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏழு வயது. நர்ஸ் ஏற்றிய வின்கிரிஸ்டின் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தது. எதில் செய்வது என்று கேட்டேன், ஜன்னலைக் காட்டினார். வெளியே தொட்டியில் நித்யகல்யாணி, நம் ஊர் சுடுகாட்டு மல்லி! 1950-களில் கனடாவில் அதைச் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்றுதான் சோதித்தார்களாம், எலிகளின் ரத்தத்தில் வெள்ளணு சரிந்ததைப் பார்த்துத்தான் புற்றுநோய்ப் பக்கம் திரும்பினார்கள். அன்று ராத்திரியே மாமியார் அந்த இலையைப் பறித்துக் கழுவி வைத்திருந்தார், கஷாயத்துக்கு. பிடுங்கி எறிந்தேன். அது விஷம். மருந்தில் போவது மில்லிகிராம் கணக்கு, அதற்கே பையனுக்குக் கால் மரத்து நடை தடுமாறியது.

கோஸ் பிரியை
எனக்கு மார்பகத்தில், 2019, இப்போது நலம். கீமோ நடந்தபோது ஒருவர் ப்ரோக்கோலி முளையைப் பச்சையாகக் கொண்டுவந்து நீட்டினார், வெள்ளணு குறைந்து கிருமி எளிதில் தொற்றும் நேரம், டாக்டர் தட்டிவிடாத குறை. என் கதை அவ்வளவுதான். ஆனால் யாரும் சொல்லாததால் சொல்கிறேன், புற்றுநோய்க்கு நல்லது என்று ப்ரோக்கோலியில் பேசப்படும் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் காயில் அப்படியே இருப்பதில்லை, நறுக்கும்போது ஒரு நொதி வெளிவந்துதான் அது உண்டாகும். 1992-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பால் டலாலே குழு அதைப் பிரித்தெடுத்தது. நறுக்கியதும் கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், அதனால் நறுக்கி முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு அடுப்பேற்றுங்கள். மறந்துவிட்டால் இறக்கியபின் கொஞ்சம் பச்சைக் கடுகுப்பொடி தூவுங்கள், கடுகிலும் அந்த நொதி உண்டு (தாளித்த கடுகு கணக்கில் வராது). முட்டைக்கோஸ், முள்ளங்கியும் இதே குடும்பம்தான். இதெல்லாம் சாப்பாடு, மருந்து இல்லை. அதைப் பிரித்து மாத்திரையாக்கி விற்றால் வாங்காதீர்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994-இலேயே வெளியான முடிவு. மஞ்சள்தூளில் செய்யும் மாத்திரை பற்றியும் எழுதவா?

மேலூர்க்காரன்
வேண்டாம் அக்கா, நான் சமையல் குறிப்பு கேட்கவில்லை. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அன்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்து எல்லோர் முன்னாலும் சித்தப்பாவைத் திட்டிவிட்டேன், அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கப்புறம் வீட்டுப் பக்கம் வரவும் இல்லை. அந்த ரத்னா ரே கட்டுரையைத் தமிழில் சுருக்கி அவருக்கு அனுப்பியதே நான்தான்.