கம்பைலருக்கு முன்னால் ஒரு படி: எங்கள் அனுபவங்கள்

எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளே கம்பைலர். அதற்குப் போகும் நிரலின் ஒரு பகுதியை முன்னரே வேறொரு கருவியால் உருவாக்குவது பற்றி எங்கள் உறுப்பினர் இருவர் கூறுகின்றனர்.

பரந்தன் உறுப்பினர்:

உறவினர் ஒருவரின் நெல் கொள்வனவு நிலையத்துக்காகச் சி மொழியில் ஒரு நிறைக் கணக்கு நிரலை எழுதினேன். நாடு, சம்பா, கீரிச்சம்பா என்ற ஒவ்வொரு நெல் வகையையும், வகைக்கு ஓர் எண் தரும் எண்குறிப் பட்டியல், பற்றுச்சீட்டில் பெயர் அச்சிடும் பகுதி, விலை அட்டவணை ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே வரிசையில் பதிய வேண்டியிருந்தது. பெரும்போக அறுவடை நெருக்கத்தில், நாட்டு நெல்லுக்கு அடுத்ததாகப் புதிய வகையொன்றைச் சேர்த்தபோது விலை அட்டவணையை மறந்துவிட்டேன். கம்பைலர் எதுவும் முறையிடவில்லை, சம்பாவுக்குக் கீரிச்சம்பாவின் கூடிய விலை விழுந்தது. மூடை கொண்டுவந்தவர்கள் முகம் சுளிக்க இடமில்லாத பிழை என்பதால், இரண்டு நாள் கழித்தே அது தெரியவந்தது.

அதன் பின்னர் வகைகளையும் விலைகளையும் தனிக் கோப்பொன்றில் வரிக்கு ஒன்றாக எழுதி, அதைப் படித்து அம்மூன்று பகுதிகளையும் சி நிரலாகவே எழுதித் தரும் சிறிய பைதன் நிரலைக் கம்பைலருக்கு முன்னால் ஓடவிட்டேன். எந்தக் கோப்பு மாறினால் எதை மீண்டும் தொகுக்க வேண்டும் என்று சொல்லும் மேக் கோப்பில் இந்தப் பட்டியலைச் சார்பாகக் குறிக்காததால் முதல் வாரம் பழைய நிரலே தொகுக்கப்பட்டு வந்தது. அது ஒரு வரியில் தீர்ந்தது. தீராத தலையிடி பிழைச் செய்திகளே. பைதன் நிரல் சி வரிகளை ஆக்கப் பயன்படுத்தும், நான் எழுதிய வார்ப்புருவின் 12ஆம் வரியில் தவறிருக்க, நான் எழுதாத கோப்பின் 340ஆம் வரியைக் கம்பைலர் சுட்டியது. இலக்கண விதிகளிலிருந்து சி நிரலை எழுதித் தரும் பைசன் கருவி உருவாக்கிய கோப்பொன்றைத் திறந்து பார்த்தபோதுதான், தொகுப்புக்கு முன் நிரலை விரித்துத் தரும் முன்செயலிக்கான 'லைன்' என்ற கட்டளையால் மூலக் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் கம்பைலருக்குச் சொல்லிவிடலாம் என்பதை அறிந்தேன். 1980களில் சி++ நிரலைச் சி நிரலாக மாற்றித் தந்த, சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்திரௌஸ்திரப்பின் சீபிரண்ட் மென்பொருளும் இவ்வாறே கம்பைலருக்கு முன்னால் நின்றது.

மாங்குளம் உறுப்பினர்:

அண்ணா, நீங்கள் சொன்ன மூன்று பகுதிகளையும் பைதன் இல்லாமலே, பட்டியலை ஒரே மேக்ரோவாக (முன்செயலி நிரல் வரிகளாக விரிக்கும் பெயராக) வைத்து ஒவ்வொரு முறையும் வேறு பொருளில் விரிக்கும் 'எக்ஸ் மேக்ரோ' முறையால் பெறலாம். எனினும் எனக்கு மேக்ரோவில் அச்சம் உண்டு. இரண்டில் பெரியதைத் தரும் மேக்ரோவுக்குள் ஈரப்பத உணரியை வாசிக்கும் அழைப்பை நேரடியாக இட்டிருந்தேன். மேக்ரோ எழுத்தை எழுத்தாகவே பிரதியிடுவதால், ஒப்பிடுவதற்கு ஒருமுறையும் விடை தருவதற்கு மறுமுறையும் உணரி வாசிக்கப்பட்டு, ஒப்பிட்ட அளவு ஒன்றாகவும் பதிவான அளவு வேறாகவும் இருந்தன. ஜிசிசி என்ற கம்பைலரை முன்செயலாக்கத்தோடு நிறுத்தி, விரிந்த நிரலைக் கண்ணால் பார்த்த பின்னரே காரணம் விளங்கியது. அந்த மேக்ரோவை நீக்கிச் சாதாரணச் செயற்கூறாக மாற்றிவிட்டேன்.