புதுப்பிப்பு: எயார் பில்டர் முடிவாகிவிட்டது
போன மாதம் கேட்டிருந்தேன்: கார்புரேட்டர் (காற்றையும் பெற்றோலையும் கலக்கும் பாகம்) உள்ள என் பழைய 150 சிசி பைக்கிற்குத் திறந்த கூம்பு பில்டரா, பைக்கின் பில்டர் பெட்டிக்குள் பொருந்தும், கழுவிப் பாவிக்கிற பருத்தி பில்டரா என்று.

முதலில் கூம்பைத்தான் பூட்டினேன். சத்தம் ஆசையாக இருந்தது. ஆனால் நிலாவெளி றோட்டில் இழுவை விட்டு விட்டு வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருந்தது: காற்று கூடி, பெற்றோல் குறைந்திருக்கிறது. கார்புரேட்டரில் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கலாம், சரி. ஆனால் திருகோணமலையில் கடற்கரை மணலும் மாரி மழையும் நேரே பில்டரில் படுமே! பெட்டி இருப்பதே அதைத் தடுக்கத்தான்.

இப்போது பருத்தி பில்டர், பழைய பெட்டி, பழைய ஜெட். பிளக் இளம் கபில நிறத்துக்கு வந்துவிட்டது, அதாவது கலவை சரி, எனக்குப் பெரிய நிம்மதி. அப்புறம், பருத்தி பில்டருக்கு அதற்குரிய எண்ணெயை அளவாகப் பூசுங்கள்: காய்ந்தால் தூசி உள்ளே போகும், கூடினால் காற்று அடைபடும்.