ஒட்டிய காது மடல்: பாடநூல் விதி எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லையே?

கேள்வி (காரைக்குடி):
பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம், குடும்பத்தாரின் காது மடல்களைப் பார்த்து வம்ச அட்டவணை வரைந்து வருமாறு பள்ளியில் கூறியிருந்தார்கள். வளவுச் சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் இறக்கித் துடைத்துப் பார்த்தோம். ஐயாவின் மடலைக் கடுக்கன் மறைக்கிறது. அப்பத்தாவின் காதோ நகையின் கனத்தில் தொய்ந்துவிட்டதால், பிறப்பில் எப்படி இருந்தது என்று சொல்ல வழியில்லை. சிக்கல் அதுவன்று. எனக்கும் என் கணவருக்கும் மடல் கன்னத்தோடு ஒட்டியே இருக்கிறது. மகளுக்கோ தனியாகத் தொங்குகிறது. ஒட்டிய மடல் ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது) என்பதால் இப்படி நேரவே முடியாது என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். பிள்ளை வாடிய முகத்தோடு வந்து நிற்கிறாள். விதி தவறா, நாங்கள் பார்த்தது தவறா?

பதில் (தேவகோட்டை, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்):
மெண்டல் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866-இல் வெளியிட்ட விதியில் பிழையில்லை, அம்மா. அதைக் காது மடலின் மேல் ஏற்றியதுதான் பிழை. நானும் பல ஆண்டுகள் அதையே கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான். 2017-இல் வெளியான ஆய்வொன்று, 70,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை ஒப்பிட்டு, மடலின் அமைப்போடு தொடர்புடைய 49 மரபணுப் பகுதிகளைக் கண்டது. ஒட்டியது என்றும் ஒட்டாதது என்றும் பிரிக்க முடியாத இடைநிலைக் காதுகளும் ஏராளம். நாக்கைச் சுருட்டுவதும் இதே கதைதான்: ஒரே மரபணுவின் வேலை என்று 1940 முதல் நம்பப்பட்டது, 1952-இல் ஒரே மரபணுக்களைக் கொண்ட 33 ஒருகரு இரட்டையர் இணைகளைச் சோதித்தபோது, 7 இணைகளில் ஒருவரால் சுருட்ட முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. ஒற்றை மரபணுவுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் காதுக்குள்ளேயே இருக்கிறது: குறும்பி ஈரமாக இருப்பதும் உலர்ந்திருப்பதும் பெரும்பாலும் ஒரே மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால் வருவது என்று 2006-இல் கண்டறிந்தார்கள். அட்டவணைக்கு இரத்த வகையே ஏற்றது. ஏ வகைத் தந்தைக்கும் பி வகைத் தாய்க்கும் ஓ வகைப் பிள்ளை பிறக்கலாம் என்பதை அதில் காட்டலாம்.

பதில் (கானாடுகாத்தான்):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு இன்னொன்று. நம் பக்கத்தில் பிள்ளை கூட்டிக்கொள்ளும் (தத்தெடுக்கும்) வழக்கம் உண்டு என்பதால், சுவரில் இருக்கும் படமெல்லாம் இரத்த வழி என்று கொள்வதற்கில்லை. மரபுப் பண்பு எப்படி இறங்குகிறது என்பதை நான் கண்டது என் கண்ணில்தான். ஆத்தங்குடிக் கல்லில் சிவப்புப் பூ எது, பச்சை இலை எது என்று எனக்குப் பிரித்தறிய வராது. என் தாயின் தந்தைக்கும் வந்ததில்லை. இடையில் என் தாயாருக்கு எந்தக் குறையுமில்லை. அந்த மரபணு எக்ஸ் நிறப்புரியில் (குரோமோசோமில்) இருப்பதால், ஐயாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வருகிறது. மகனுக்குத் தந்தையிடமிருந்து அது நேராக வருவதில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்பத்தாவின் கட்டத்தில் ‘படத்தில் தெரியவில்லை’ என்றே மகள் எழுதிவிட்டாள். பக்கத்தில் எங்கள் மூவரின் இரத்த வகையையும் சேர்த்திருக்கிறாள்.