உச்சித் தளிரைப் பறிகொடுத்த நார்ஃபோக் தீவு பைன்

படிக்கட்டுத் தொட்டி:
ஏழு ஆண்டுகளாகத் தொட்டியில் வளர்ந்து என் தோள் உயரத்தை எட்டியிருந்த மரத்தை, உறைபனிக் காலம் தொடங்குமுன் உள்ளே எடுத்து வைப்பது என் வழக்கம். இம்முறை தொட்டியின் கனத்துக்கு அஞ்சி ஒரே ஒரு நாள் தள்ளிப்போட்டேன். மறுநாள் காலையில் அது பச்சையாகவே நின்றதால், இரவுப் பனியிலிருந்து தப்பித்துவிட்டது என்று எண்ணினேன். நான்காம் நாள் உச்சித் தளிரைத் தொட்டேன். நனைந்த நூலைப் போலத் துவண்டு, கையோடு வந்துவிட்டது. முற்றிய பக்கக் கிளைகளில் ஒன்றுகூட வாடவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மூன்றடுக்கு:
உள்ளே எடுத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. நான் உரிய காலத்தில் எடுத்தேன். ஆனால் அறையைச் சூடாக்கும் கருவிக்கு அருகில் வைத்துவிட்டேன். ஓர் இரவு, சிறு கிளைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிரும் ஓசை கேட்டு விழித்தேன். குளிர்காலம் முடிவதற்குள் கீழ் மூன்று கிளையடுக்குகளும் போயின. போன அடுக்கு மீண்டும் துளிர்ப்பதில்லை என்பது இம்மரத்தை வளர்ப்பவர் அனைவரும் அறிந்ததே. வறண்ட காற்றும் பனிக்கு இளைத்ததல்ல.

வேர்முடிச்சு:
இருவரும் ஒரே உண்மையின் இரு பக்கங்களைப் பற்றிக்கொண்டு வாதிடுகிறீர்கள். 1774-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் கண்ட நார்ஃபோக் தீவு, இம்மரத்தின் தாயகம், தென்மேற்குப் பசிபிக் கடலில் இருக்கிறது. அங்கே கடும் உறைபனியும் இல்லை, அறைச் சூட்டின் வறட்சியும் இல்லை. பெயரில் பைன் என்று இருந்தாலும் இது அரௌகேரியா குடும்பத்தைச் சேர்ந்தது. என் கதை சிறியது: ஒடிந்த பக்கக் கிளை ஒன்றை நட்டேன், வேர் பிடித்தும், நான்கு ஆண்டுகளாகப் படுத்தவாறே வளர்ந்தது. பக்கக் கிளைக்கு நிமிரத் தெரியாது. ஆகவே, படிக்கட்டுத் தொட்டி அவர்களே, பக்கக் கிளையை நிமிர்த்திக் கட்டி உச்சியாக்க முயலாதீர்கள். கருகிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டுக் காத்திருந்தால், அதற்குக் கீழே தண்டிலிருந்து நேரான முளை எழக்கூடும். பல எழுந்தால் வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். இன்னும் சொல்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும்: வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்குமுன் உள்ளே எடுங்கள், வெளிச்சமான சன்னலருகில் வைத்து, ஒரு பக்கமாகச் சாயாதிருக்க வாரந்தோறும் தொட்டியைத் திருப்புங்கள், மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். மண் மாற்றுவதை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வைத்துக்கொண்டால் போதும். அடிக்கடி அசைத்தால் வேர் சிதையும்.

படிக்கட்டுத் தொட்டி:
பக்கக் கிளையை நேற்றே குச்சியோடு நிமிர்த்திக் கட்டியிருந்தேன், இன்று அவிழ்த்துவிட்டேன். கருகியதைச் சிறிது சிறிதாக நறுக்கிக்கொண்டே வந்ததில், இரண்டு விரற்கடை இறங்கிய பிறகு தண்டில் பச்சை தெரிந்தது.