மெர்ஜில் காணாமல் போன வரி: கிட் லாக்கில் எப்படித் தேடுவது?

கேள்வி:
மூன்று வாரத்துக்கு முன்னால் கிட்டில் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) என் பிராஞ்சில் (தனிக் கிளை), பேமென்ட் கோப்பில், டைம்அவுட் 30 விநாடி என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். மெயினில் (பொதுவான முக்கியக் கிளை) மெர்ஜும், அதாவது இணைப்பும், ஆகிவிட்டது. நேற்று சர்வரில் ரிக்வெஸ்ட் எல்லாம் தொங்கி நிற்கிறதே என்று கோப்பைத் திறந்தால் அந்த வரியையே காணோம். கிட் லாக்கில் (மாற்றங்களின் வரலாறு) பெரிய எஸ் (-S, ஒரு சொல் சேர்ந்த அல்லது நீங்கிய இடத்தைத் தேடுவது) கொடுத்துத் தேடினால் நான் சேர்த்த கமிட் (பதிந்த மாற்றம்) மட்டும் வருகிறது, எடுத்த கமிட் எதுவும் இல்லை. கோப்பின் பெயரையும் கொடுத்தால் என் கமிட்டே மறைந்துவிடுகிறது! யாரும் எடுக்காமல் வரி எப்படிப் போகும்?

பதில் 1:
மெர்ஜ் கமிட்டிலேயே போயிருக்கும். கிட் லாக் சாதாரணமாக மெர்ஜ் கமிட்டுக்கு டிஃப் (முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாடு) எடுப்பதில்லை, அதனால் பெரிய எஸ் அதற்குள் தேடுவதும் இல்லை. கூடவே சின்ன எம் (-m) கொடுங்கள், மெர்ஜை ஒவ்வொரு பேரன்ட்டோடும் (மெர்ஜில் சேர்ந்த ஒவ்வொரு பக்கத்தின் கடைசிக் கமிட்) தனித்தனியாக ஒப்பிடும். ஆனால் ஒழுங்காக நடந்த மெர்ஜ்களும் சேர்ந்து வரும், பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கோப்பின் பெயர் கொடுத்ததும் உங்கள் கமிட் மறைந்தது நல்ல தடயம். மெர்ஜுக்குப் பிறகு அந்தக் கோப்பு ஒரு பேரன்ட்டில் இருந்தபடியே அச்சு அசலாக இருந்தால், கிட் அந்தப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போய் மறுபக்க வரலாற்றை விட்டுவிடும். --ஃபுல்-ஹிஸ்டரி சேர்த்தால் இரண்டு பக்கமும் வரும்.

பதில் 2:
சிலர் --சிசி போடச் சொல்வார்கள், இங்கே அது உதவாது. எல்லா பேரன்ட்டிலிருந்தும் மாறுபட்ட கோப்புகளைத்தான் அது காட்டும், உங்கள் கோப்பு மெயின் பக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதே.

மெர்ஜ் கிடைத்ததும் கிட் ஷோவில் --ரீமெர்ஜ்-டிஃப் போட்டுப் பாருங்கள் (2022இல் வந்த 2.36 அல்லது அதற்குப் பிந்தைய கிட் வேண்டும்). கிட் அந்த மெர்ஜைத் தானே மறுபடி செய்து பார்த்து, மனிதர் கைவைத்த இடத்தை மட்டும் காட்டும்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது, இருவருக்கும் ரொம்ப நன்றி! கான்ஃப்ளிக்ட் (இரு பக்க மாற்றங்களும் மோதுவது) குறிகளுக்கு நடுவே என் டைம்அவுட் வரி மைனஸோடு நிற்கிறது. கான்ஃப்ளிக்ட் வந்தபோது மெயின் பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிராஞ்சை மறுபடி மெர்ஜ் செய்தால் போதுமா?

பதில் 1:
போதாது. கிட்டைப் பொறுத்தவரை அந்த பிராஞ்ச் ஏற்கனவே சேர்ந்தாகிவிட்டது, ஒன்றும் வராது. உங்கள் கமிட்டை மட்டும் மெயினுக்கு செர்ரி-பிக் செய்யுங்கள் (அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து மறுபடி பதிவது), அப்புறம் அதே மெர்ஜில் வேறு கோப்புகளிலும் இப்படி நடந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.